சைடு பேனலின் முளை
மோட்டார் சைக்கிளின் சைடு பேனலை வீட்டிலேயே கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து, விரும்பிய வண்ணம் பூச நினைப்பவரின் பொறுமையை முதலில் சோதிப்பவை, பேனலின் உட்புறத்தில் துருத்தி நிற்கும் சிறு பிளாஸ்டிக் முளைகள். வண்டிச் சட்டகத்தில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்குள் அவை இறுக்கமாக அமர்ந்திருக்கும். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் சில ஆண்டுகளில் அந்த ரப்பர் கல்லாக இறுகிவிடுவதால், சோப்பு நீர் விட்டு நேராக, மெல்ல இழுத்தாலும்கூட முளை அடியோடு முறிந்து உள்ளேயே தங்கிவிடுகிறது. விரல்நுனி அளவுள்ள முளை போனதற்கு முழுப் பேனலையும் வாங்கச் சொல்கிறார்கள். அதைத் தனியாகத் திருகி மாற்றும்படி வடிவமைத்தால் என்ன குறைந்துவிடும்?

திருகுகளும் அப்படித்தான். ஜப்பானிய வடிவமைப்பு வண்டிகள் பலவற்றில் ஜேஐஎஸ் எனும் ஜப்பானியத் தொழில்தரப்படி அமைந்த கூட்டல்குறிப் பள்ளத் திருகுகள் இருக்க, கடைகளில் எளிதில் கிடைப்பதோ அதற்குப் பொருந்துவதுபோலவே தோன்றும் பிலிப்ஸ் வகைத் திருப்புளி முனை. அது பள்ளத்தில் முழுதாக இறங்காமல் நழுவித் திருகின் தலையையே தின்றுவிடுகிறது. இத்தனையும் கடந்து கழற்றிய பேனல், வண்ணம் எளிதில் ஒட்டாத பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்காக இருந்துவிட்டால், அதற்குரிய தனிப் பிரைமர் இல்லாமல் அடித்த வண்ணம் தோல்தோலாக உரிகிறது. எந்தப் பிளாஸ்டிக் என்ற குறியீடோ பின்பக்கத்தில்தான் இருக்கிறது. கழற்றும்வரை அதைப் படிக்கவும் வழியில்லை.