ஸ்பிரேயர் கன்னுக்கும் லைசென்ஸ் கேப்பாங்களா?

போன வாரம் பக்கத்து தெரு மாமா, வயலுக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்பிரேயரோட கன்ன கையில புடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறாரு. "தம்பி, ட்ரிகரு ஒடஞ்சிட்டுப்பா, வயல்ல புகையான் பூச்சி விழுந்து கெடக்கு, மன்னார்குடி கடையில கேட்டா ட்ரிகர் தனியா கெடையாதாம், முழு செட்டா வாங்குங்குறான்." வீட்ல இருக்குற திரீடி பிரிண்டர்ல, அதாங்க பிளாஸ்டிக்க உருக்கி அடுக்கடுக்கா போட்டு பொருளாவே செஞ்சு குடுக்குற மெஷின்ல, அடிச்சுக் குடுத்தேன். மொதல்ல அடிச்சது பின் மாட்டுற ஓட்டைக்கிட்ட பட்டுன்னு தெறிச்சிட்டு, அந்த எடத்த ரெண்டு மில்லி தடிமனாக்கி படுக்கப்போட்டு அடிச்சதும்தான் தாங்குச்சு.

இத ஏன் சொல்றேன்னா, அமெரிக்காவுல நியூயார்க் மாநிலத்துல 2023லயே ஒரு மசோதா போட்டாங்க, திரீடி பிரிண்டர் வாங்குறவன் மேல கிரிமினல் கேஸ் இருக்கான்னு பாத்துட்டுதான் விக்கணும்னு. இப்ப அதுக்கும் மேல, துப்பாக்கி பார்ட்டுன்னு தெரிஞ்சா மெஷினே அடிக்க மாட்டேன்னு நின்னுடணும்ங்குற பேச்சு ஓடுது. பயம் சும்மா வரல. 2013ல கோடி வில்சன்னு ஒருத்தர் பிரிண்டர்ல அடிக்கிற பிஸ்டலோட ஃபைல நெட்ல போட்டுவிட்டாரு. 2024 டிசம்பர்ல நியூயார்க்ல ஒரு இன்சூரன்ஸ் கம்பெனி தலைவர சுட்டுக் கொன்னாங்க, புடிபட்டவன்கிட்ட இருந்த துப்பாக்கி பிரிண்டர்ல அடிச்சதுன்னு போலீஸ் சொல்லுச்சு.

கலர் ஜெராக்ஸ் மெஷின் பணநோட்ட காப்பி எடுக்க விடாதுல்ல, அது மாதிரிதானேன்னு கேக்குறாங்க. அது மாதிரி இல்லங்க. பல நாட்டு நோட்டுல மெஷின் கண்டுபுடிக்கட்டும்னே குட்டிக் குட்டி வட்டம் போட்டு வச்சிருக்கான். இரும்புக் குழாய்க்கு அப்படி என்ன அடையாளம் இருக்கு? ஸ்பிரிங்கு ஸ்பிரிங்குதான். மாமாவோட ட்ரிகர அந்த மெஷின்கிட்ட காட்டுனா என்ன சொல்லும்னு நெனச்சுப் பாருங்க.

பிரிண்டர பூட்டிட்டா துப்பாக்கி நின்னுடுமா? 2022 ஜூலை 8 அன்னிக்கு ஜப்பான்ல நாரா ஊர்ல முன்னாள் பிரதமர் ஷின்சோ அபேய சுட்டது கையால செஞ்ச துப்பாக்கி. துப்பாக்கிக்கு அவ்ளோ கெடுபிடி இருக்குற நாடு அது. அவ்ளோ தூரம் ஏன் போகணும், தஞ்சாவூர் பீரங்கி மேட்டுல போய் பாருங்க, ரகுநாத நாயக்கர் காலத்துதுன்னு சொல்லுற பீரங்கி, சுமார் 25 அடி நீளம், இரும்புப் பட்டையையும் வளையத்தையும் காய்ச்சி சுத்தியால அடிச்சே ஒட்ட வச்சிருக்கான் நம்ம ஆளு. அவன் உலைக்கு யாரு சாஃப்ட்வேர் போடுவா.

நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கி செஞ்சாலே குத்தம், 2019ல திருத்தி கொறஞ்சது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் போகலாம்னு ஆக்கிட்டாங்க. சரியான சட்டம், செஞ்சவன புடிக்குது. தோட்டாவுக்கும் வெடிமருந்துக்கும் இன்னும் இறுக்கமா கணக்கு கேளுங்க, அதுக்கு நான் கைதட்டுறேன். கருவிய தொட்டா யாருக்கு வலிக்கும்னு எனக்குத் தெரியும். எங்கப்பாவோட லேத் பட்டறைக்கு ஒரு தடவ எவனோ ஒருத்தனோட நாட்டுத்துப்பாக்கி கேஸ்ல விசாரிக்க வந்தாங்க, எந்த ஸ்டேஷன்னு வேணாம், அப்பா மேல ஒண்ணும் இல்லன்னு தெரியுறதுக்குள்ள பட்டறை நாலு நாள் பூட்டிக் கெடந்துச்சு. நடவு நேரம். மூணு பேரோட மோட்டார் சாஃப்ட்டு உள்ள மாட்டிக்கிட்டு, அவங்க வாசல்ல வந்து வந்து பாத்துட்டுப் போனது இன்னும் கண்ணுல நிக்கிது. (தாத்தா ரேடியோவுக்கு வருஷா வருஷம் போஸ்டாபீஸ்ல லைசென்ஸ் கட்டுன கதைய வேற எங்க வீட்ல இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம்.)

மாமாவுக்கு ட்ரிகரு நல்லா இருக்காம். ஆனா டீக்கடையில நாலு பேரு முன்னாடி "தம்பி அடிச்சுக் குடுத்த கன்னு சூப்பரா பீச்சுதுப்பா, இன்னொண்ணு அடிச்சு வையி"ன்னு கத்துறாரு, அத மட்டும் கொஞ்சம் மெதுவா சொல்லச் சொல்லணும்.