சல்லிவன் ராணுவ அதிகாரி அல்லர்

கோத்தகிரி அருகே கன்னேரிமுக்கில் உள்ள சல்லிவன் பங்களாவை, "ராணுவ அதிகாரி ஒருவரின் பண்ணை வீடு, ஊட்டியின் முதல் கட்டடம்" என்று நண்பர் எழுதியிருப்பது இரு வகையிலும் பிழையாகும். ஜான் சல்லிவன் கோயம்புத்தூர் கலெக்டர். கிழக்கிந்தியக் கம்பெனியின் குடிமைப் பணியைச் சேர்ந்தவரே அன்றி, படையில் பதவி வகித்தவர் அல்லர். 1819இல் கன்னேரிமுக்கு பங்களாவைக் கட்டிய பிறகே, 1822இல் அவர் உதகையில் கல் பங்களாவின் வேலையைத் தொடங்கினார். இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் அதுவே உதகையின் முதல் ஐரோப்பிய வீடு. அதையும் "முதல் கட்டடம்" என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. தோடர்களின் குடியிருப்புகளான மந்துகள் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கு இருந்தன. சிறுமுகையிலிருந்து கோத்தகிரி நோக்கி மலைப்பாதை அமைக்கும் பணியை மேற்பார்வையிட்ட லெப்டினன்ட் மெக்பெர்சன் ராணுவத்தவர் என்பதால், இருவரையும் ஒருவராகக் கொண்டு இக்குழப்பம் நேர்ந்திருக்கலாம்.