பாப்பாத்தைக்கு வயது 58

எங்கள் அத்தைக்கு 58 வயது. குடும்பத்தில் எல்லோருக்கும் அவர் இன்னும் ‘பாப்பா’தான். இரண்டாம் வகுப்பு படிக்கும் என் தம்பி மகன்கூட ‘பாப்பாவுக்குச் சோறு போட்டாச்சா’ என்று அதிகாரமாகக் கேட்கிறான்.

போன ஆவணியில் பாட்டி இறந்தார். காரியம் முடிந்த மாலை, காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து வீட்டுத் திண்ணையில் பெரியப்பா, அப்பா, சித்தப்பா மூவரும் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணகிரியில் நான்கு மாதம், தருமபுரியில் நான்கு மாதம், ஓசூரில் நான்கு மாதம் என்று அத்தைக்கு முறை வைத்தார்கள். பசு மாட்டை யார் ஓட்டிக்கொண்டு போவது என்பதற்குத்தான் இதைவிட அதிக நேரம் பிடித்தது. பத்தடி தள்ளி அத்தை அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறிவுசார் குறைபாடு என்று அடையாள அட்டையில் இருக்கிறது. ‘விவரம் பத்தாது’ என்பது ஊர் வழக்கு. ஆனால் தெருவில் எந்த வீட்டு மாடு எப்போது ஈனும் என்று அத்தைக்குத் தெரியும். களி வெந்ததா என்று வாசனையிலேயே சொல்வார். செவ்வாய்ச் சந்தையில் பச்சை வளையலைத் தவிர வேறு நிறத்தைத் தொடமாட்டார். இதெல்லாம் விவரம் இல்லையென்றால் எது விவரம்?

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். கிருஷ்ணகிரி வீட்டில் பேன் தொல்லை வந்தபோது, முடியை ஒட்ட வெட்டிவிடலாம் என்று யோசனை சொன்னது நான்தான். வசதிதானே! அன்றைக்குப் பெரியம்மா வாங்கிவந்த கனகாம்பரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அத்தை பிடரியைத் தடவித் தடவிப் பார்த்தார். அழவில்லை. பூவைக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு வைத்துவிட்டார்.

மாதவிலக்கு நின்றபோதும் அவருக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பல மாதங்கள் பழைய துணியைக் கிழித்து மடித்து வைத்துக் காத்திருந்தாராம். ‘குழந்தைக்கு இதையெல்லாம் எதற்குச் சொல்வது’ என்றார் பாட்டி. குழந்தை என்றால் ஒருநாள் வளர விடுவார்கள். அத்தையை யாரும் வளர விடவில்லை, நேரே கிழவியாக்கிவிட்டார்கள்.

இப்போது பாட்டி பெயரில் இருந்த நிலத்தைப் பிரிக்க வேண்டும், அத்தைக்கும் பங்கு உண்டு. உடனே எல்லோருக்கும் கார்டியன் சான்றிதழ் நினைவுக்கு வந்துவிட்டது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் மனுப் போட்டால் பாதுகாவலரை நியமிப்பார்கள். அந்தச் சட்டத்தைக் குறை சொல்லவில்லை, பெற்றோர் பலருக்கு அதுதான் பிடிமானம். ஆனால் 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. அதன் 14ஆம் பிரிவு சொல்லும் பாதுகாவலர், குறிப்பிட்ட ஒரு முடிவுக்காக, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் துணை நிற்பவர். முடிவை இருவரும் சேர்ந்து எடுக்க வேண்டும், அதுவும் மாற்றுத்திறனாளியின் விருப்பத்தை ஒட்டி. சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். ‘அதற்கு விருப்பம் என்று என்னம்மா இருக்கப்போகிறது?’ என்றார். கெட்டவர் இல்லை. அத்தையின் மாத்திரையை ஒருவேளைகூடத் தவறவிடாதவர்.

அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. கிராமத்து வீட்டில் அத்தை தனியாக எப்படி இருப்பார்? இரவில் விழுந்தால் யார் தூக்குவது? பக்கத்து வீட்டு அக்காவுக்குச் சம்பளம் கொடுத்துத் துணைக்கு வைக்கலாம் என்பது என் எண்ணம். நிலத்தில் அத்தை பங்குக்கு வரும் குத்தகைப் பணமும், அரசு தரும் உதவித்தொகையும் அவருடையவைதானே. அதை வைத்தே முயன்று பார்க்கலாம். சரிவராமலும் போகலாம். ஆனால் ஓசூரில் மூன்றாம் மாடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் சரிவந்துவிட்டதா?

நேற்றுப் போனில் முதல்முறையாகக் கேட்டேன்: “அத்தை, நீ எங்கே இருக்க ஆசைப்படுகிறாய்?”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, “கேட்டால் திட்டுவார்களா?” என்றார்.

“யாரும் திட்டமாட்டார்கள், சொல்.”

“கோழி இருக்கிற வீட்டில்.”

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் மறுபடி திண்ணையில் உட்காரப் போகிறார்கள். அத்தையையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். ‘பாப்பா எதற்கு?’ என்று இப்போதே போன் வந்துவிட்டது.