வளர்ப்பு தருவதும் தராததும்

மனிதனை மனிதனாக்குவது சமூகமும் வளர்ப்புமே, பிறப்பு தருவது வெறும் உடல்தான் என்ற கருத்து, படித்தவர்கள் நடுவே யாரும் கேள்வி கேட்காத உண்மைபோல் உலவிவருகிறது. அதில் பெரும்பகுதி சரி என்றே நானும் கருதுகிறேன். எஞ்சிய பகுதி தவறானது மட்டுமல்ல, ஆபத்தானதும்கூட என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

இந்தக் கருத்துக்குச் சான்றாக முதலில் வந்து நிற்பவர்கள் கமலாவும் அமலாவும். 1920-இல் வங்காளத்தின் மேதினிப்பூர் பகுதியில் ஓநாய்களோடு வாழ்ந்த இரு சிறுமிகள் மீட்கப்பட்டார்கள் என்பது கதை. அதற்கு ஆதாரம் என்று பார்த்தால், அவர்களை வளர்த்த பாதிரியார் சிங் எழுதிவைத்த குறிப்புகளைத் தவிர உறுதியாக எதுவும் இல்லை. அந்தக் குறிப்புகளின் நம்பகத்தன்மையை ஆய்வாளர்கள் பலமுறை கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள். ஆகவே அந்தக் கதையை ஓரமாக வைத்துவிடலாம். அதைவிட வலுவான, அதைவிடக் கொடிய சான்று ருமேனியாவில் இருக்கிறது.

மக்கள்தொகையைப் பெருக்க விரும்பிய ருமேனிய சர்வாதிகாரி சௌசெஸ்கு 1966-இல் கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க வழியற்ற குடும்பங்களில் பிறந்த குழந்தைகளை அரசு இல்லங்கள் வாங்கிக்கொண்டன. 1989 டிசம்பரில் அவருடைய ஆட்சி வீழ்ந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அந்த இல்லங்களில் இருந்தார்கள். அவர்களுக்கு உணவும் கூரையும் இருந்தன. தூக்கிவைத்துப் பேசத்தான் ஆள் இல்லை. பின்னர் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா ஆகிய மூன்று ஆய்வாளர்களும் புக்கரெஸ்ட் நகர இல்லங்களிலிருந்து 136 குழந்தைகளைத் தேர்ந்து, குலுக்கல் முறையில் ஒரு பாதியினரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, இரு பிரிவினரையும் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நான்கரை வயதில் இல்லத்துப் பிரிவினரின் சராசரி நுண்ணறிவு ஈவு (IQ) 73. குடும்பங்களுக்குப் போன பிரிவினருக்கு 81. தொடக்கம் முதலே பெற்றோரோடு வளர்ந்த அவ்வூர்க் குழந்தைகளுக்கு 109. இரண்டு வயதுக்கு முன்பே குடும்பத்துக்குப் போனவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். அன்பான முகமும் குரலும் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு உணவைப் போலவே இன்றியமையாதவை என்பதற்கு இதைவிடத் தெளிவான நிரூபணம் தேவையில்லை.

இதுவரை வளர்ப்பின் பக்கம் பேசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் "வளர்ப்பு இல்லையேல் மனித ஆற்றல்கள் முழுமையடையா" என்பதிலிருந்து "வளர்ப்பே மனிதராக்குகிறது" என்பதற்கு அவர்கள் ஒரே தாவலில் போய்விடுகிறார்கள். முன்னது உண்மையாக இருந்தும் பின்னது பொய்யாக இருக்க முடியும்.

1931-இல் வின்த்ராப் கெல்லாக் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய மனைவியும் குவா என்ற சிம்பன்சிக் குட்டியைத் தங்கள் மகன் டொனால்டுக்கு உடன்பிறப்புபோல் வளர்த்துப் பார்த்தார்கள். ஆடை, நாற்காலி, கரண்டி, முத்தம் என இருவருக்கும் எல்லாம் ஒன்றுபோலவே கிடைத்தன. சில வேலைகளைக் குவா டொனால்டைவிட விரைவாகவே கற்றது. பேச்சு மட்டும் வரவில்லை. மாறாக, சாப்பாட்டைக் கண்டால் குவா எழுப்பும் ஒலியை டொனால்டு எழுப்பத் தொடங்கினான். ஒன்பது மாதங்களில் சோதனை முடிந்தது. (பெற்ற பிள்ளையை இப்படிச் சோதனைப் பொருளாக்கலாமா என்பது வேறு கேள்வி, கூடாது என்பதே என் பதில்.) ஒரே வளர்ப்பு இரண்டு உயிர்களுக்குக் கிடைத்தும் ஒன்றுதான் பேசும் உயிராக வளர்ந்தது என்றால், வளர்ப்புக்கு முன்பே அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்க வேண்டும்.

அந்த ஏதோ ஒன்று கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொள்வதோடு நிற்பதும் இல்லை. நிகராகுவாவின் தலைநகர் மனாகுவாவில் 1970-களின் இறுதியிலும் 1980-களிலும் காது கேளாத பிள்ளைகள் முதன்முறையாகப் பெரும் எண்ணிக்கையில் ஒரே பள்ளியில் கூடினார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவையும் ஸ்பானிய எழுத்தையும் கற்பிக்க முயன்று பெரிதாக வெற்றி பெறவில்லை. பிள்ளைகளோ விளையாட்டுத் திடலிலும் பேருந்திலும் தங்களுக்குள் சைகைகளைப் பரிமாறி, சில ஆண்டுகளில் ஒரு மொழியையே உண்டாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த சின்னஞ்சிறு பிள்ளைகள்தான் அதற்கு முறையான இலக்கணத்தை ஏற்றினார்கள். அவர்களுக்குத் தோழமை தேவைப்பட்டது என்பதை மறுக்க முடியாது. ஆனால் அந்த மொழியை எந்தப் பெரியவரும் அவர்களுக்குக் கொடுக்கவில்லை.

இந்த விவாதத்தில் என்னை மிகவும் பாதித்தது விக்டரின் வாழ்க்கை. 1800 ஜனவரியில் தெற்குப் பிரான்சின் அவேரோன் பகுதியில் காட்டிலிருந்து வெளிப்பட்ட, ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவன் அவன். அக்காலத்தின் புகழ்பெற்ற மனநல மருத்துவர் பினெல், இவன் பிறவியிலேயே அறிவுக் குறைபாடுள்ளவன், தேற மாட்டான் என்றார். பாரிசின் காது கேளாதோர் பள்ளியில் பணியாற்றிய இளம் மருத்துவர் இத்தார், இல்லை, மனிதத் துணை இல்லாததே இவனுடைய குறை என்று சொல்லி, ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் அவனுக்குக் கற்பித்தார். விக்டர் சில எழுத்துச் சொற்களை அடையாளம் காணக் கற்றான், பேச்சு வரவேயில்லை. இறுதியில் இத்தார் சோர்ந்து விலகினார். விக்டரைப் பராமரித்த கெரின் அம்மையாரோடே அவன் 1828-இல் இறக்கும்வரை வாழ்ந்தான்.

பேச்சை அளவுகோலாகக் கொண்டால் இது தோல்விக் கதை. ஆனால் இத்தாரே பதிவுசெய்த இரண்டு நிகழ்ச்சிகள் உண்டு. உணவு மேசையைத் தயார் செய்வது விக்டரின் வேலை. கெரின் அம்மையாரின் கணவர் இறந்த பிறகும் அவன் வழக்கம்போல் அவருக்கும் தட்டு வைத்தான். அதைக் கண்டு அம்மையார் அழவே, தான் செய்தது அவரை வருத்திவிட்டது என்று உணர்ந்து தட்டை எடுத்துவிட்டான்; அதன்பின் அதை அங்கே வைக்கவேயில்லை. மற்றொரு முறை, நீதியுணர்வு அவனுக்கு உண்டா என்று அறிய இத்தார் வேண்டுமென்றே ஒரு சோதனை வைத்தார். கொடுத்த பாடத்தை அவன் சரியாகச் செய்து முடித்த நேரத்தில், காரணமே இல்லாமல் தண்டிக்க இழுத்துச் சென்றார். வழக்கமான தண்டனைகளுக்குப் பணிகிற விக்டர் அன்று பணியவில்லை. ஆசிரியரின் கையைக் கடித்தான். அந்தக் கடியில் இத்தார் மகிழ்ந்தார், ஏனெனில் அநீதியை அநீதி என்று அவன் அறிந்திருக்கிறான்.

ஐந்தாண்டு வளர்ப்பின் பயன்தானே இது என்று ஒருவர் கேட்கலாம். ஓரளவு அப்படித்தான் இருக்கும். அம்மையாரின் பரிவு இல்லாமல் அவருடைய கண்ணீர் அவனுக்கு ஒரு பொருட்டாகி இருக்காது. ஆனால் நாள்தவறாமல் பாடம் நடத்தியும் பேச்சைத் தர முடியாத வளர்ப்பு, எவரும் பாடமாக நடத்தாத பரிவையும் நீதியுணர்வையும் எங்கிருந்தோ கொண்டுவந்து அவனுக்குள் திணித்தது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அவை தூண்டப்படக் காத்திருந்தன என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், மனிதத்தன்மை சமூகம் வழங்கும் பட்டம் என்று ஒப்புக்கொண்டால், அதைத் தர மறுக்கவும் திரும்பப் பெறவும் சமூகத்துக்கு உரிமை உண்டு என்றாகிவிடும். வரலாறு முழுக்க நடந்திருப்பதும் அதுதான். அடிமைகளையும் பழங்குடியினரையும் "இன்னும் மனிதராகாதவர்கள்" என்று வகைப்படுத்தியவர்கள், தங்கள் வளர்ப்பே மனித வளர்ப்பு என்று உறுதியாக நம்பியவர்கள். 1880-இல் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பேச்சே உயர்ந்தது என்று சொல்லிப் பள்ளிகளிலிருந்து சைகை மொழியை விலக்கத் தீர்மானித்தது. வாக்களித்தவர்களில் ஏறக்குறைய அனைவரும் காது கேட்பவர்கள். பல தலைமுறைப் பிள்ளைகளின் கைகளைக் கட்டிப்போட்டுவிட்டு, அவர்களுக்கு மொழி வரவில்லை என்று குறைசொன்ன சமூகமும் நன்கு வளர்க்கப்பட்டவர்களின் சமூகம்தான்.

ருமேனிய இல்லங்களையும் இந்தக் கோணத்தில் பார்க்க வேண்டும். அவை சமூகம் எட்டாத காடுகள் அல்ல. அங்கே சட்டம், மருத்துவர், சம்பளப் பட்டியல், பதிவேடு எல்லாம் இருந்தன. குழந்தையின் அழுகையைப் பொருட்படுத்தாமல் கடந்துபோகும் பழக்கத்தை அங்கு பணியாற்றியவர்கள் காட்டில் கற்கவில்லை, சமூகமே கற்றுக்கொடுத்தது. மனிதராக்கும் சக்தி என்று நாம் போற்றும் அதே சமூகம், மனிதரை மனிதராகப் பார்க்காமலிருக்கவும் பயிற்றுவிக்கிறது.

அந்த நாடு பின்னர் திருந்த முயன்றது என்பதையும் சொல்ல வேண்டும். 2004-இல் இயற்றிய சட்டத்தின் வழியாக, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் சேர்ப்பதை ருமேனியா தடைசெய்தது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு விதிவிலக்கு இருந்தது: கடும் ஊனமுள்ள குழந்தைகளை அப்போதும் இல்லங்களில் சேர்க்கலாம். குடும்பத்தின் அரவணைப்பு யாருக்கு மிக அதிகமாகத் தேவையோ, அவர்களையே அந்த விதி வெளியே நிறுத்தியது. வளர்ப்பால் பெரிதாகப் பயனடைய மாட்டார்கள் என்று கணிக்கப்படுகிறவர்களுக்கு வளர்ப்பை மறுப்பதில் தவறில்லை என்ற எண்ணம், நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்ட சட்டத்துக்குள்ளும் இப்படித்தான் நுழைந்துவிடுகிறது.