ஹட்சின்சன் ஓவர்ரேட்டடாம்ல!

அமெரிக்கன் காலேஜ் ஃபுட்பால்ல நம்ம ஒஹாயோ ஸ்டேட் யுனிவர்சிட்டி ஃபேன்ஸ் நடுவுல மறுபடியும் அதே பஞ்சாயத்து ஓடிக்கிட்டு இருக்கு. எய்டன் ஹட்சின்சன் நம்ம பரம எதிரி மிச்சிகன் யுனிவர்சிட்டிக்கு ஆடுனப்போ அவ்ளோ பெரிய ஆளெல்லாம் இல்லையாம், 2021ல நம்மள தோக்கடிச்ச ஒரே ஒரு மேட்ச்ல பேர் வாங்கிட்டாராம், அன்னைக்கு பனியாம், நம்ம பசங்களுக்கு காய்ச்சலாம், இல்லன்னா கதையே வேறயாம். படிச்சுட்டு சும்மா போக முடியல, அதான் இவ்ளோ நீளமா எழுதுறேன், டைம் இருக்கறவங்க படிங்க.

நானும் கொலம்பஸ்ல தான் இருக்கேன், ரத்தம் நம்ம டீமோட ஸ்கார்லெட் கலர் தான், அதுல டவுட் வேண்டாம். மிச்சிகன் மேட்ச் வாரம் வந்தா கேம்பஸ்ல இருக்குற போர்டுல எல்லாம் எம் எழுத்து மேல சிவப்பு டேப் ஒட்டி அடிச்சு விடுவாங்க, கட்டிடத்து பேர்ல எம் இருந்தாலும் விடமாட்டாங்க, அந்த டீம் பேரையே சொல்லாம "வடக்க இருக்குற அந்த டீம்"னு தான் சொல்வாங்க. அதெல்லாம் எனக்கு ரொம்ப புடிக்கும். ஆனா எதிராளி பேர அடிக்கிறது வேற, எதிராளி எப்படி ஆடுறான்னு பாக்காமலே இருக்கறது வேற.

2021 சீசனுக்கு முன்னாடி ஹட்சின்சன குறைச்சு பேசுனதுல ஒரு நியாயம் இருந்துச்சு, ஒத்துக்கறேன். 2019ல முழு சீசன் ஆடி நாலரை சேக் (அது என்னன்னு கீழ சொல்றேன்) தான். 2020ல மூணாவது மேட்ச்லயே கால் உடைஞ்சு சீசன் காலி. அப்பா கிறிஸ் ஹட்சின்சன் 1992ல அதே மிச்சிகனுக்கு கேப்டனா ஆடுன ஆல் அமெரிக்கன் (நாட்டோட சிறந்த காலேஜ் பிளேயர்ஸ் லிஸ்ட்ல வந்தவர்), அதனால பேர் பெருசா அடிபடுதுன்னு நினைச்சவங்கள குத்தம் சொல்ல முடியாது. ஆனா 2021 சீசன் ஓட ஓட ஒவ்வொரு சனிக்கிழமையும் டிவில தெரிஞ்சுதே, அத பாத்த பிறகும் "வீக்கா தடுக்கறவங்க கிட்ட தான் காட்டுறான்"னு சொல்லிட்டு திரிஞ்சோமே, அங்க தான் பிரச்சனை.

சும்மா விளையாட்டு தெரியாதவங்களுக்காக: இவர் வேலை டிஃபென்ஸ் லைன்ல ஓரத்துல நின்னு, பால எறியற குவார்ட்டர்பேக்க துரத்துறது. அவர தடுக்கறதுக்கு எதிர்ல அஃபென்ஸ் டேக்கிள்னு ஒருத்தர் நிப்பார், முன்னூறு பவுண்டுக்கு மேல இருப்பார், ஆனா பின்னாடி நகர்ந்துக்கிட்டே தடுக்கணும், அதான் கஷ்டம். பால் கைக்கு வந்து குவார்ட்டர்பேக் எறியறதுக்குள்ள ரெண்டரை மூணு செகண்ட் தான், அதுக்குள்ள இந்த சண்டை முடிஞ்சிடும். எறியறதுக்கு முன்னாடி புடிச்சு சாய்ச்சா சேக், ரெண்டு பேர் சேர்ந்து சாய்ச்சா ஆளுக்கு அரை.

இப்ப அந்த மேட்ச்சுக்கு வருவோம். 2021 நவம்பர் 27, ஆன் ஆர்பர், 1,11,156 பேர். நாம ரேங்கிங்ல ரெண்டு, அவங்க அஞ்சு. அதுக்கு முந்தின வாரம் தான் மிச்சிகன் ஸ்டேட்ட (அது வேற யுனிவர்சிட்டி) 56-7னு துவைச்சிருந்தோம், நம்ம குவார்ட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌட் முதல் பாதியிலயே ஆறு டச்டவுன் பாஸ், மொத்தம் 35 எறிஞ்சு 32 சரியா போச்சு. கேரெட் வில்சன், கிறிஸ் ஒலாவே, ஸ்மித் இன்ஜிக்பானு பால புடிக்கற மூணு ரிசீவர், மூணு பேருமே பின்னாடி என்எஃப்எல் டிராஃப்ட்ல (ப்ரொஃபஷனல் டீமுங்க காலேஜ் பசங்கள வரிசையா எடுக்கறது) முதல் ரவுண்ட்ல போனவங்க. அந்த சீசன்ல நாட்டுலயே அதிக யார்ட்ஸ் எடுத்த அஃபென்ஸ் நம்மளது தான். இவங்கள யாரால நிறுத்த முடியும்னு எல்லாரும் கால் மேல கால் போட்டு உக்காந்திருந்தோம். மிச்சிகன் ஸ்டேட் மேட்ச்ல ஸ்ட்ரௌட் பக்கத்துல ஒருத்தன் கூட வரலங்கறத யாரும் யோசிக்கல.

42-27. 2011க்கு அப்புறம் மிச்சிகன் நம்மள ஜெயிச்ச முதல் மேட்ச். ஹட்சின்சனுக்கு மூணு சேக், மிச்சிகனோட ஒரு சீசன் சேக் ரெக்கார்டும் அன்னைக்கே உடைஞ்சிடுச்சு, கடைசியில 14ல முடிச்சார்.

சேக் எண்ணிக்கைய விடுங்க. நம்ம டேக்கிள் நிக்கலஸ் பெட்டி ஃப்ரேர் அன்னைக்கு பட்ட பாடு தான் எனக்கு கண்ணுலயே நிக்குது. அவர் ஒண்ணும் மோசமான பிளேயர் கிடையாது, அடுத்த வருஷமே என்எஃப்எல் மூணாவது ரவுண்ட்ல போனவர். ஹட்சின்சன் முதல்ல வெளிப்பக்கமா வேகமா ஓடி ஓடி காட்டுவார், ஷார்ட் பால் போட்டு போட்டு பேட்ஸ்மேன பின்னாடி தள்ளிட்டு அப்புறம் யார்க்கர் எறக்குற பௌலர் மாதிரி, டேக்கிள் வெளிய போற வேகத்த சமாளிக்க காலை அகலமா போட ஆரம்பிச்ச உடனே டக்குனு உள்பக்கம் வெட்டுவார், இல்ல கைய தட்டிவிட்டு சுத்தி போயிடுவார். அதுக்கப்புறம் பயம் வந்துடும். பயம் வந்தா பால் எடுக்கறதுக்கு முன்னாடியே கால் நகர்ந்துடும், அது ஃபால்ஸ் ஸ்டார்ட், அஞ்சு யார்ட் பின்னாடி. அன்னைக்கு நமக்கு பத்து பெனால்டி, அதுல பல ஃபால்ஸ் ஸ்டார்ட். லட்சம் பேர் கத்துற சத்தத்துல பால் எடுக்க குவார்ட்டர்பேக் குடுக்கற குரல், அதான் ஸ்னாப் கவுண்ட், கேக்காதுங்கறது உண்மை தான். ஆனா சத்தம் மட்டும் காரணம் இல்லப்பா, எதிர்ல யார் நிக்கறாங்கறதும் காரணம். இன்னொரு ஓரத்துல டேவிட் ஒஜாபோ வேற, அவருக்கும் அந்த சீசன்ல 11 சேக், அதனால ஹட்சின்சன் பக்கமே எல்லாரையும் அனுப்பவும் முடியாது.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப எரிச்சல். 2019ல நம்ம சேஸ் யங், பதினாறரை சேக், நம்ம ஸ்கூல் ரெக்கார்ட், சிறந்த காலேஜ் பிளேயருக்கான ஹெய்ஸ்மன் விருது ஓட்டுல நாலாவது. அந்த வருஷம் மிச்சிகன் மேட்ச்ல அவருக்கு ஒரு சேக் கூட இல்ல, நாம 56-27ல ஜெயிச்சோம். மிச்சிகன்காரங்க "எங்க போனார் உங்க ஹீரோ"னு கேட்டப்ப நாம என்ன சொன்னோம்? "அவர தடுக்க ரெண்டு பேர அனுப்புனீங்க, அதனால மத்தவங்க ஃப்ரீ ஆனாங்க, ஸ்டாட்ஸ வச்சு டிஃபென்ஸ் பிளேயர அளக்காதீங்க"ன்னு சொன்னோம். சரியான பதில் தான். அதே அளவுகோல ஹட்சின்சனுக்கு ஏன் வைக்க மாட்டேங்கறீங்க? நம்ம ஆள்னா பிரஷர் கணக்கு, அவங்க ஆள்னா சேக் கணக்கா?

அதுக்காக அவர கோயில் கட்டி கும்பிட சொல்லல. அந்த தோல்விக்கு அவர் ஒருத்தரே காரணம்னு சொல்றதும் கதை தான். பால தூக்கிக்கிட்டு ஓடுற மிச்சிகன் ஆள் ஹசன் ஹாஸ்கின்ஸ் நம்ம டிஃபென்ஸ்க்குள்ள பூந்து 169 யார்ட், அஞ்சு டச்டவுன் ஓடுனாரே, அப்ப ஹட்சின்சன் பெஞ்ச்ல தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தார். அந்த சீசன் முடிஞ்சதும் நம்ம ஹெட் கோச் ரயன் டே டிஃபென்ஸ் கோச்ச மாத்தி ஜிம் நோல்ஸ கொண்டு வந்ததே அதனால தான்.

அவர அடக்கவே முடியாதுன்னும் இல்ல. அந்த சீசன் பிளேஆஃப்ல, ஆரஞ்சு போல் மேட்ச்ல ஜார்ஜியா அடக்கி காட்டுச்சு, 34-11, ஒரு சேக் கூட இல்ல. அவங்க குவார்ட்டர்பேக் ஸ்டெட்சன் பென்னட் பால கையில வச்சுக்கிட்டு நிக்கவே இல்ல, சீக்கிரம் சீக்கிரமா எறிஞ்சுட்டாரு. ஜார்ஜியா ஃபேன்ஸ் என்ன பேசுனாங்கன்னு எனக்கு தெரியாது, ஆனா அவங்க கோச்சுங்க அவர பயந்து மதிச்சு பிளான் போட்டிருக்காங்க.

கை நீளம் கதைய வேற சொல்லியே ஆகணும். டிராஃப்ட் நேரத்துல அளந்தா 32 அங்குலத்துக்கு சொச்சம், ஓரத்துல ஆடறவங்களுக்கு அது குறைச்சல். உடனே நம்ம பசங்க புடிச்சுக்கிட்டாங்க, "பாத்தியா, கையே இல்ல". ஆறடி ஏழு அங்குலத்துக்கு கிட்ட, 260 பவுண்ட் உடம்ப வச்சுக்கிட்டு மூணு கோன சுத்தி ஓடுற டெஸ்ட்ட 6.73 செகண்ட்ல முடிச்சார், அத யாரும் ஷேர் பண்ணல. திரும்பற வேகத்துல ஜெயிக்கிறவனுக்கு கை ரெண்டு அங்குலம் குறைஞ்சா என்ன? என்எஃப்எல்ல டெட்ராய்ட் லயன்ஸ் ரெண்டாவது பிக்லயே எடுத்துட்டாங்க, முதல் வருஷமே ஒம்பதரை சேக்.

இவ்ளோ பட்ட பிறகாச்சும் திருந்துனோமான்னா அதுவும் இல்ல. 2024ல மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட்னு மிச்சிகன் டிஃபென்ஸ் லைன் நடுவுல ரெண்டு மலை நின்னுச்சு. நம்ம லைன் நடுவுல நிக்கற சென்டர் காயத்துல வெளிய. அப்பவும் நடுவுலயே ஓடி ஓடி முட்டிக்கிட்டு, 26 ஓட்டத்துக்கு 77 யார்ட், நம்ம வீட்டு கிரவுண்ட்லயே 13-10ல தோத்தோம். கிரஹாமுக்கும் கை குட்டைன்னு தான் பேசுனாங்க. அவர டிராஃப்ட்ல அஞ்சாவது பிக்ல எடுத்தது யாரு தெரியுமா, நம்ம ஒஹாயோவோட என்எஃப்எல் டீம் கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ். இப்ப அதே ஒஹாயோ ஜனம் ஞாயித்துக்கிழமை அவருக்கு கை தட்டுது, "என்னா பவர் பா"ன்னு. டிரெஸ் கலர் மாறுனதும் கை வளர்ந்துடுச்சு போல.

கமெண்ட்ல "பனி", "காய்ச்சல்"னு வரப்போறவங்க ஒண்ணு பண்ணுங்க. அந்த மூணு சேக் கிளிப்ப எடுத்து சவுண்ட ஆஃப் பண்ணிட்டு, பால பாக்காம, ஹட்சின்சனையும் பாக்காம, நம்ம டேக்கிளோட கால மட்டும் பாருங்க. அப்புறம் வாங்க, சண்டை போடலாம்.