ஹாலிலிருந்து பெட்ரூமுக்கு ஒரு ஃபைல் போகமாட்டேன் என்கிறது

வீட்டில் நாலு கம்ப்யூட்டர், நாலுக்கும் ஒரே இன்டர்நெட், ஆனால் ஹாலில் இருக்கும் வீடியோவை பெட்ரூமில் பார்க்க சமீபம் வரைக்கும் கிளவுடைத்தான் நம்பிக்கொண்டிருந்தோம். இந்த லட்சணத்தில் நாங்கள் இருப்பது பெங்களூரு. கம்மனஹள்ளியில் எங்கள் தெருவில் கல்லை விட்டெறிந்தால் ஏதாவது ஒரு சாஃப்ட்வேர்காரர் தலையில்தான் விழும். அத்தை மகன் கல்யாண வீடியோ 40 ஜிபி. அது எங்கேயோ இருக்கும் சர்வர் வரைக்கும் ஏறி இறங்கி, பத்தடி தள்ளி இருக்கும் அறைக்கு மறுநாள் காலையில் வந்து சேர்ந்தது!

சரி, வீட்டுக்குள்ளேயே ஷேர் பண்ணிவிடலாம், அதற்கு எந்த புரோட்டோகால், அதாவது கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் ஃபைல் கொடுத்து வாங்கிக்கொள்ளும் எந்த பாஷை, வைக்கலாம் என்று விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டால் எல்லோரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறார்கள். என்எஃப்எஸ் என்ற புரோட்டோகால்தான் வேகம், எஸ்எம்பி என்ற இன்னொன்று மந்தம், அதில் இத்தனை எம்பி, இதில் இத்தனை எம்பி. ஐயா, இன்டர்நெட் கம்பெனிக்காரர் மாட்டிவிட்டுப் போன ரௌட்டரில் இருப்பதே 100 எம்பிபிஎஸ் போர்ட். எதைப் போட்டாலும் நொடிக்கு 11, 12 மெகாபைட்டுக்கு மேல் அந்த வழியாகப் போகாது. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடில் நல்ல கேபிளாகப் பார்த்து வாங்கி வந்தாலும் சுவரில் ஓட்டை போட வீட்டு ஓனர் விட வேண்டாமா? இதில் எந்த புரோட்டோகால் ஓடினால் என்ன, ஊர்ந்தால் என்ன.

என்எஃப்எஸ் ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1984-இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் கம்பெனி கொண்டுவந்தது, ஆபீஸ் முழுக்க யூனிக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டம் ஓடும் மெஷின், ஒரே ஆள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறார் என்கிற இடத்துக்கு அருமையான ஏற்பாடு. எங்கள் வீட்டில் அப்படி யார் இருக்கிறார்கள்? சாதாரணமாக அமைத்தால் அது பாஸ்வேர்டே கேட்காது, அந்தப் பக்கத்து மெஷின் சொல்லும் யூசர் எண்ணை அப்படியே நம்பிவிடும். என் கம்ப்யூட்டரில் ஓடுவது லினக்ஸ், அதில் முதல் யூசருக்கு 1000, மனைவியின் ஆப்பிள் மேக்கில் முதல் யூசருக்கு 501. எண் வேறு என்றால் ஆளும் வேறு. ஆக, அவள் காப்பி பண்ணி வைத்த போட்டோவை என்னால் அழிக்க முடியாது, நான் வைத்ததை அவளால் திருத்த முடியாது, இரண்டு பேரும் ஒரே சோபாவில் உட்கார்ந்துகொண்டு பெர்மிஷன் டினைட் பார்க்கிறோம். அப்பாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ் ஹோம், அதில் என்எஃப்எஸ் ஷேரைத் திறக்கும் கிளையன்ட் சாஃப்ட்வேரே கிடையாது. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஃபைல் அனுப்பும் பழைய புரோட்டோகாலான எஃப்டிபி போடு என்றார் ஒருவர். 1971-இல் வந்த சமாச்சாரம், பாஸ்வேர்ட் மறைக்கப்படாமல் பச்சையாகப் போகும், அதை விடுங்கள். எல்லாவற்றையும் மறைத்து அனுப்பும் எஸ்எஃப்டிபி பாதுகாப்பானது, எனக்குப் பிடிக்கும், ஆனால் அதற்குத் தனி சாஃப்ட்வேர் போட்டு, இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் இழுத்து, திருத்தி, திரும்ப ஏற்றி... அப்பாவிடம் அதைச் சொல்லிக்கொடுப்பதற்கு நானே பென்டிரைவோடு எழுந்து போய்விடுவேன்.

மிச்சம் எஸ்எம்பி. 1980-களில் ஐபிஎம்மில் பிறந்தது, ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல் என்ற புரோகிராமர் புண்ணியத்தில் லினக்ஸில் சாம்பா என்ற சாஃப்ட்வேர் வழியாக ஓடுகிறது, ஆப்பிளே 2013-இல் தன் சொந்த புரோட்டோகாலைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு இதற்கு மாறியது. நாலு மெஷினுக்கும் பொதுவாகத் தெரிந்த பாஷை இது ஒன்றுதான், தேர்ந்தெடுக்க வேறு எதுவும் இல்லை. எரிச்சலே இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு அப்டேட் வரும், நேற்று வரை திறந்த ஃபோல்டர் இன்றைக்குத் திறக்காது, ஏன் என்று ஒருத்தரும் சொல்லமாட்டார்கள். விண்டோஸ் 11 ப்ரோவில் 24எச்2 என்ற அப்டேட் வந்தபோது, பாஸ்வேர்ட் இல்லாமல் கெஸ்ட்டாக நுழைவதை நிறுத்திவிட்டார்கள். நல்ல காரியம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி லேப்டாப்பில் வந்த மெசேஜ் என்ன தெரியுமா, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை இதைத் தடுக்கிறதாம். எந்த நிறுவனம்? எங்கள் வீட்டில் கொள்கை வகுப்பது அம்மா ஒருத்திதான், அவர் இதைத் தடுக்கவில்லை!

அப்பாவின் கதை இன்னும் கொடுமை. தினமும் நாலு இலக்க பின் நம்பர் போட்டு கம்ப்யூட்டருக்குள் போகிறார், அதுதான் பாஸ்வேர்ட் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். ஃபோல்டர் ஷேருக்கு அந்த பின் செல்லாது, ஆன்லைன் அக்கவுன்ட்டின் முழு பாஸ்வேர்ட் வேண்டும். அது எந்த டைரியில் எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பின் போட்டால் 'பாஸ்வேர்ட் தப்பு' என்று மட்டும் வருகிறது, 'இங்கே பின் செல்லாது' என்று ஒரு வரி சேர்க்க என்ன கேடு? இதற்கு நடுவில் இன்டர்நெட் கம்பெனி ரௌட்டருக்குப் பின்னால் எங்கள் சொந்த ரௌட்டர் ஒன்று இருந்தது, அது தனி நெட்வொர்க், கம்பெனி ரௌட்டரில் தொங்கும் மெஷினுக்கு எங்கள் ரௌட்டருக்குள் இருக்கும் மெஷின் கண்ணிலேயே படாது. இந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று ரௌட்டருக்கே தெரியாதபோது, புரோட்டோகாலைத் திட்டி என்ன பயன்?

இப்போதைக்கு ஓடுவது இதுதான்: இரண்டாவது ரௌட்டரை, தனி நெட்வொர்க் போடாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் வெறும் ஆக்சஸ் பாயின்ட்டாக மாற்றி, என் லினக்ஸ் மெஷினுக்கு மாறாத ஐபி (நெட்வொர்க்கில் அதன் விலாச எண்) கொடுத்து, சாம்பாவில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்ட். மெஷின் பெயரை நம்புவதில்லை, நேராக ஐபியைத்தான் அடிக்கிறோம். எஸ்எம்பி போய்வரும் வாசலான 445 போர்ட்டை இன்டர்நெட் பக்கம் திறக்கச் சொல்லி வருகிறவரை வீட்டுக்குள்ளேயே விடுவதில்லை.

அப்புறம் ஹாலில் டிவிக்குக் கீழே ஒரு பழைய மீடியா பெட்டி இருக்கிறது, அதற்குத் தெரிந்தது எஸ்எம்பியின் பழைய முதல் பதிப்பான எஸ்எம்பி1 மட்டும். எங்கே தேடினாலும் 'எஸ்எம்பி1-ஐ ஆன் பண்ணுங்கள், சரியாகிவிடும்' என்று கூசாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். 2017 மே மாதம் ஃபைலைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் இந்த எஸ்எம்பி1 ஓட்டை வழியாகத்தான் பரவியது என்று இவர்களுக்கு யாரும் சொல்லவில்லையா? அந்த வருடமே விண்டோஸ் 10-இல் எஸ்எம்பி1-ஐ ஒதுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஒரு டப்பாவுக்காக வீட்டில் எல்லாக் கதவையும் திறந்து போடச் சொல்கிறார்கள். முடியாது. அந்தப் பெட்டிக்குப் பென்டிரைவில்தான் படம் போகிறது, அதுவும் ஃபேட்32 என்ற பழைய முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவைத் தவிர வேறெதையும் படிக்காது, அதில் ஒரு ஃபைல் 4 ஜிபி தாண்டினால் துண்டு போட வேண்டும். கல்யாண வீடியோவில் தாலி கட்டுகிற இடத்தில் சரியாக அறுந்து இரண்டாவது ஃபைலுக்குப் போகிறது, அத்தை போனில் திட்டுகிறார்.