படம் எடுத்தீர்களே, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை நம் சமூகத் தோட்டத்துப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் வந்த படத்தைத்தான் சொல்கிறேன். கருகிய மிளகாய்ச் செடிகள், கீழே ‘தெரியாதவர்களுக்குப் பாத்தி கொடுத்தால் இப்படித்தான்’. பெயர் போடவில்லையாம். ரொம்ப நாகரிகம். அது எந்தத் தங்கச்சியின் பாத்தி என்று நம் கோலாலம்பூர் செந்தூல் பிளாட்டில் யாருக்குத்தான் தெரியாது?

அவள் செய்த குற்றம், மக்காத கோழி எருவை வேரடியில் கொட்டியது. பச்சை எருவிலிருந்து வரும் அம்மோனியா வேரைச் சுட்டுவிடும். நன்றாக மக்கிய பிறகுதான் போட வேண்டும். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும். படத்தில் சிவப்பு வட்டம் போட அதைவிட அதிக நேரம் ஆகியிருக்கும். தெரியாததால்தானே கற்றுக்கொள்ள வருகிறார்கள்?

‘பாத்திக்குப் பலர் காத்திருக்கிறார்கள், வீணாக்கலாமா?’ என்பீர்கள். காத்திருப்பவர்கள் எல்லாம் கருவிலேயே விவசாயம் படித்தவர்களா? நாற்றம் அடித்தது என்கிறீர்கள். அடித்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

நானும் மூன்று முறை தக்காளியைப் பறிகொடுத்தவள். நேற்று செழிப்பாக நின்ற செடி இன்று பச்சை இலையோடு துவண்டு கிடக்கும். மண்ணிலுள்ள பாக்டீரியாவால் வரும் வாடல் நோய். பக்கத்துப் பாத்தி மலாய்க்கார அம்மா சிரிக்கவில்லை, படமும் எடுக்கவில்லை. அந்த நோயைத் தாங்கும் சுண்டைக்காய்ச் செடியில் தக்காளியை ஒட்டுக் கட்டிக் காட்டினார். பழ ஈ கொத்தாமல் பாகற்பிஞ்சுக்குக் காகித உறை மாட்டுவதும் அவரிடம் கற்றதுதான்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது அந்தப் படம்கூட இல்லை. அதற்குக் கீழே ஒருவர், ‘எஸ்டேட் பரம்பரைக்கே இது தெரியாதா?’ என்று கேட்டிருந்தார். சிரிப்பு முகங்களோடு. தெரிந்துதான் இருந்தது ஐயா. குடும்பமுள்ள தோட்டத் தொழிலாளிக்கு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்று அன்றைய மலாயாவின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே சொன்னது. என் பாட்டி எஸ்டேட் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கத்தரியும் பயற்றங்காயும் போட்டவர். எஸ்டேட் கைமாறியதும் கிளம்பச் சொன்னார்கள். பிளாட்டின் ஐந்தாம் மாடியில் மண்ணுக்கு எங்கே போவார்? கடைசிவரை பால் டின்னில் ஒரு கறிவேப்பிலைக் கன்றை வைத்துக்கொண்டிருந்தார். எங்களிடமிருந்து நிலத்தை எடுத்துவிட்டு, உழத் தெரியவில்லையே என்று நீங்களே கேட்கிறீர்கள்.

சரி, கோபத்தில் எங்கோ போய்விட்டேன். தங்கச்சி குழுவிலிருந்து விலகிவிட்டாள். அவளுடைய பூவாளி குழாயடியில் கிடக்கிறது. நேற்று நான்தான் அவள் பாத்திக்குத் தண்ணீர் விட்டேன். ஒரு மிளகாய்ச் செடி அடியில் துளிர்த்திருக்கிறது. அதை யாரும் படம் எடுக்க வரவேண்டாம்.